ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்

பழைய கரி எஞ்சினைப் பழுதுபார்த்து ஓட்டும் ஆர்வலர்களைப் பற்றி எப்போதாவது பத்திரிகையில் ஒரு செய்தி வரும். கூடவே ஒரு படம்: நரைத்த தலை, நீல ஓவரால், கையில் எண்ணெய் டப்பா, பின்னால் பளபளக்கும் பித்தளை. தலைப்பில் ‘நினைவுகள்’ என்ற சொல் தவறாமல் இருக்கும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களின் பொழுதுபோக்கு, கொஞ்சம் பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் யாருக்கும் கெடுதல் இல்லை என்கிற தொனியில் செய்தி முடிந்துவிடும். இந்தப் பார்வை தவறு என்பது என் கட்சி. ஏக்கம் அவர்களைப் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு வரலாம். வந்த பிறகு நடக்கிற வேலை வேறு. ஒரு இயந்திரத்தைப் பற்றி எழுதி வைக்கப்பட்டது எவ்வளவு உண்மை என்று அதை மறுபடி கட்டி, நெருப்பு மூட்டி, பாரம் இழுக்கவைத்துச் சரிபார்க்கிற வேலை அது. அருங்காட்சியகமோ ஆவணக் காப்பகமோ செய்ய முடியாத சோதனை. இதற்குச் சான்றாக ஒரே ஒரு எஞ்சினின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பிரிட்டனின் 71000-ஆம் எண் எஞ்சின். பெயர் ‘டியூக் ஆஃப் கிளஸ்டர்’.

1952 அக்டோபர் 8 அன்று காலை, லண்டனுக்கு வடமேற்கே ஹாரோ அண்டு வீல்ட்ஸ்டோன் நிலையத்தில் மூன்று ரயில்கள் மோதிக்கொண்டன. 112 பேர் இறந்தார்கள். அதில் சிதைந்துபோன எஞ்சின்களில் ஒன்று ‘பிரின்சஸ் ஆன்’. அந்த இடத்தை நிரப்ப ஒன்று வேண்டும் என்ற காரணத்தில்தான், பிரிட்டிஷ் ரயில்வேயில் எஞ்சின் வடிவமைப்பின் பொறுப்பில் இருந்த ராபர்ட் ரிடில்ஸுக்குப் புதிய வகை விரைவு எஞ்சின் ஒன்றைக் கட்ட வாய்ப்புக் கிடைத்தது. 1954-ல் க்ரூ பணிமனையிலிருந்து 71000 வெளியே வந்தது. மூன்று சிலிண்டர்கள். பாய்லர் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 250 பவுண்டு. அதன் தனிச்சிறப்பு வால்வுகள். வழக்கமான எஞ்சினில் நீராவியைச் சிலிண்டருக்குள் விடுவதும் வெளியேற்றுவதும் முன்னும் பின்னும் நகரும் ஒரே வால்வின் வேலை. ஒன்றின் நேரத்தை மாற்றினால் மற்றதும் மாறிவிடும். இத்தாலியப் பொறியாளர் ஆர்துரோ காப்ரோட்டி வகுத்த முறையில், மோட்டார் வண்டி எஞ்சினில் இருப்பது போல, சுழலும் கேம்கள் தனித்தனி வால்வுகளைத் திறந்து மூடும். உள்ளே விடுவதைக் குறைத்தாலும் வெளியேற்றும் வழி தடைபடாது. காகிதத்தில் பார்த்தால் பிரிட்டனில் அதுவரை கட்டிய விரைவு எஞ்சின்களிலேயே நேர்த்தியானது என்று சொல்லிவிடலாம்.

தண்டவாளத்தில் அது பெயர் வாங்கவில்லை. கரியை விழுங்கியது, ஆனால் பாரம் கூடி, நீராவி மிகவும் தேவைப்படுகிற நேரத்தில் அழுத்தம் இறங்கியது. டிரைவர்களும் ஃபயர்மேன்களும் அதை ஒதுக்கினார்கள். சுவிண்டன் சோதனை நிலையத்தில் வைத்துப் பார்த்தபோது சிலிண்டர்களின் திறன் அபாரமாக இருந்தது. பாய்லர் பக்கம்தான் எதிர்பார்த்தபடி இல்லை. கோளாறு எந்தப் பக்கம் என்ற தடயம் அப்போதே கையில் இருந்தது என்பதைக் கவனியுங்கள். ஆனால் 1955-ல் நவீனமயத் திட்டம் வந்துவிட்டது, இனி டீசலும் மின்சாரமும்தான் என்று முடிவாகிவிட்டது. ஒரே ஒரு எஞ்சினின் நோயைத் தேடிக் கண்டுபிடிக்க யாருக்கு நேரம்? 1962-ல், எட்டே வயதில், ஓட்டத்திலிருந்து எடுத்தார்கள். வகையில் இரண்டாவது எஞ்சின் கட்டப்படவே இல்லை. பதிவேட்டில் நின்றது: நல்ல சிந்தனை, தோற்றுப்போன வடிவமைப்பு.

அடுத்து நடந்ததுதான் எனக்கு இந்தக் கதையின் மிக ருசியான பகுதி. முழு எஞ்சினையும் பாதுகாக்க முதலில் எண்ணம் இருந்தது. பிறகு வால்வு அமைப்பு மட்டும் போதும் என்றானது. ஒரு பக்கத்துச் சிலிண்டரைக் கழற்றி, உள்ளே இருப்பது தெரியும்படி குறுக்கே அறுத்து, லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். மறுபக்கச் சிலிண்டரும் போயிற்று. மிச்ச உடல் 1967-ல் தெற்கு வேல்ஸின் பாரி துறைமுகத்தில் இருந்த வுட்ஹாம் சகோதரர்களின் காயலான் கடைக்குப் போய்ச் சேர்ந்தது. ஆக, காப்ரோட்டி வால்வு எப்படி இயங்குகிறது என்று பார்வையாளருக்குக் காட்டும் பொருள் கண்ணாடிக்குள் பத்திரமாக இருந்தது. அது ஏன் எதிர்பார்த்தபடி ஓடவில்லை என்ற விடை வேல்ஸ் கடற்காற்றில் துருப்பிடித்துக்கொண்டிருந்தது.

பாரியைப் பற்றி இரண்டு வரி. பிரிட்டிஷ் ரயில்வே நூற்றுக்கணக்கில் எஞ்சின்களைக் கழித்துக் கட்டியபோது டை வுட்ஹாம் அவற்றை வாங்கிக் குவித்தார். ஆனால் சரக்கு வேகன்களை உடைப்பது சுலபம் என்பதால் அதை முதலில் வைத்துக்கொண்டு, எஞ்சின்களைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டார். அந்த ‘பிறகு’வில் 213 எஞ்சின்கள் பிழைத்தன. 1968 முதல் 1990 வரை ஆர்வலர் குழுக்கள் ஒவ்வொன்றாகக் காசு சேர்த்து மீட்டுப் போயின. திட்டமிட்ட பாதுகாப்புக் கொள்கை எதுவும் சாதிக்காததை ஒரு வியாபாரியின் வேலை ஒழுங்கு சாதித்தது.

1974-ல் ஒரு குழு ஏறத்தாழ ஐயாயிரம் பவுண்டுக்கு 71000-ஐ வாங்கி, மத்திய இங்கிலாந்தின் லஃப்பரோவுக்குக் கொண்டுவந்தது. விவரம் தெரிந்தவர்களே இது நடக்காது என்றார்கள். வெளிப்புறச் சிலிண்டர் இரண்டும் இல்லை, வால்வு அமைப்பு இல்லை, கழற்றக்கூடிய பித்தளையும் செம்பும் இல்லை. உலகில் இன்னொன்று இல்லாத எஞ்சினுக்கு உதிரிபாகம் எங்கே தேடுவது? சிலிண்டர்களைப் புதிதாக வார்க்க வேண்டியிருந்தது. காப்ரோட்டி அமைப்பின் கேம், தண்டு, பெட்டி என்று ஒவ்வொன்றையும் வரைபடத்தை வைத்துக்கொண்டு மறுபடி செய்ய வேண்டியிருந்தது. 1986-ல், பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, எஞ்சின் தன் நீராவியில் நகர்ந்தது.

வேலையினூடே ஒன்று வெளிப்பட்டது. ஃபயர்பாக்ஸின் அடியில், எரிந்த கரியின் சாம்பல் விழுகிற தட்டு இருக்கிறதே, அதன் பக்கங்களில் காற்று நுழையும் கதவுகள் உண்டு. நெருப்புக்கு மூச்சு அங்கிருந்துதான் வருகிறது. அந்தக் கதவுகள் 1954-ல் வரைபடத்தில் கண்டபடி கட்டப்படவில்லை. திறப்பு சிறிதாக இருந்தது. அதாவது எட்டு ஆண்டுகளும் அந்த எஞ்சின் பாதி மூச்சில் ஓடியிருக்கிறது. ஃபயர்மேன் கரியை அள்ளி அள்ளிப் போட்டார், கரி முழுசாக எரியக் காற்று இல்லை, எரியாத கரி புகையாகப் போயிற்று. முன்பக்கத்தில் புகைபோக்கியும் அந்த அளவு எஞ்சினுக்குச் சிறியது. அதனால் பாரம் கூடியபோது நெருப்பை உறிஞ்சி இழுக்கும் விசை போதவில்லை. குழு முதலில் கதவுகளை வரைபடப்படி சரிசெய்தது. பின்னாளில், 1950-களிலேயே பரிந்துரைக்கப்பட்ட கைல்சாப் என்ற இரட்டைப் போக்கி அமைப்பையும் பொருத்தியது. 1990-களில் பிரதான பாதையில் ஓடியபோது, சோம்பேறி என்று ஒதுக்கப்பட்ட எஞ்சின் கடினமான ஏற்றங்களில் கனத்த ரயிலை இழுத்துக்கொண்டு போய்ப் பார்த்தவர்களை வாயடைக்கவைத்தது. ரிடில்ஸின் வடிவமைப்பு தோற்கவில்லை, கட்டியவிதம் தோற்றிருந்தது. இந்தத் திருத்தத்தைச் செய்தவர்கள் தங்கள் சனி, ஞாயிறுகளைக் கொடுத்தவர்கள்.

அறுத்து வைத்த சிலிண்டரை ஆயிரம் முறை பார்த்தாலும் இது தெரிந்திருக்காது. வரைபடத்தைப் படித்தாலும் தெரியாது, ஏனென்றால் வரைபடம் சரி. பழைய எஞ்சினை அளந்தால் மட்டும் தெரியுமா? அளக்க ஒரு காரணம் வேண்டும். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றி, தாளோடு ஒப்பிட்டு, மறுபடி மாட்ட வேண்டிய கட்டாயம் உள்ளவர்தான் சாம்பல் தட்டின் கதவை அளப்பார். மீட்டெடுத்து ஓட்டுவது என்பது அறிவைப் பெறும் ஒரு முறை என்று நான் சொல்வது இந்தப் பொருளில்தான். இதில் உணர்ச்சிக்கு இடமே இல்லை என்று சொல்லவில்லை. உணர்ச்சி பன்னிரண்டு ஆண்டு தாக்குப்பிடிக்கவைக்கும். கதவின் அளவைக் கண்டுபிடிப்பது அளவுகோல்.

இன்னொரு சான்று எதிர்த்திசையிலிருந்து. 1990-ல் தொடங்கிய ஒரு அறக்கட்டளை, ஒன்றுகூட மிஞ்சாமல் உடைக்கப்பட்ட ஏ1 வகை எஞ்சினைப் புதிதாகவே கட்டத் துணிந்தது. டார்லிங்டனில் உருவாகி 2008-ல் முடிந்த அந்த ‘டொர்னேடோ’வுக்கு ஆன செலவு சுமார் 30 லட்சம் பவுண்டு. சட்டம், சக்கரம், சிலிண்டர் எல்லாம் பிரிட்டனிலேயே கிடைத்தன. பாய்லர் மட்டும் ஜெர்மனியின் மைனிங்கன் பணிமனையிலிருந்து வந்தது. ரயில் எஞ்சினை உலகுக்குக் கொடுத்த நாடு ஒரு பெரிய எஞ்சின் பாய்லருக்கு ஜெர்மனிக்குப் போனது ஏன்? பிரிட்டனில் பிரதான பாதைகளில் நீராவி 1968-ல் நின்றது. கிழக்கு ஜெர்மனியில் 1988 வரை ஓடியது. அந்த ரயில்வேக்காகப் பாய்லர் பார்த்துவந்த பட்டறைதான் மைனிங்கன். அங்கே வேலை நிற்கவில்லை, அதனால் கைப்பழக்கமும் போகவில்லை. நூலகங்கள் இரண்டு நாட்டிலும் இருந்தன.

கைப்பழக்கம் போனால் என்ன ஆகும் என்பதற்கு 1995 ஜூன் 16-ஐச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில், கெட்டிஸ்பர்க் சுற்றுலா ரயிலின் 1278-ஆம் எண் எஞ்சினில் ஃபயர்பாக்ஸின் கூரைத் தகடு கிழிந்தது. அந்தத் தகட்டுக்குக் கீழே நெருப்பு, மேலே தண்ணீர். தண்ணீர் மட்டம் இறங்கித் தகடு வெளிப்பட்டால் சிவக்கக் காய்ந்து இளகிவிடும். எஞ்சினில் இருந்த மூவர் கடும் காயமடைந்தனர். அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தபோது, தண்ணீர் மட்டத்தைக் காட்டும் கண்ணாடிக் குழாய்க்கான வழி சரியாகப் பராமரிக்கப்படாமல் அடைபட்டிருந்தது தெரிந்தது. கருவி பொய் சொன்னது, அது பொய் என்று கண்டுபிடிக்கும் பழக்கம் இருந்தவர்கள் இல்லை. நீராவி எஞ்சினைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துவருவதையே வாரியம் கவலையோடு குறித்தது. அதே அறிக்கையில் இன்னொன்றும் உண்டு. கூரைத் தகட்டைத் தாங்கும் போல்டுகளைக் கட்டியவர்கள் அமைத்திருந்த விதத்தால் தகடு ஒரேயடியாகப் பெயராமல் படிப்படியாக விட்டுக்கொடுத்தது. பாய்லர் முழுதாக வெடிக்காததற்கு அது காரணம். 1948-ல் கட்டிய ஒருவரின் முன்யோசனை, ஏன் அப்படிச் செய்தார் என்பதே மறந்துபோன காலத்தில், உயிர்களைக் காப்பாற்றியது.

சரி, எதிர்வாதங்களுக்கு வருகிறேன். முதலாவது எல்லோரும் கேட்பது: சிலிண்டர் புதிது, வால்வு புதிது, போக்கி வேறு வகை, இதில் பழைய எஞ்சின் எங்கே இருக்கிறது? வரலாற்றுப் பொருளைத் திருத்துவது வரலாற்றை அழிப்பதாகாதா? இதில் பாதிக்கு ரயில்வேயின் நடைமுறையே பதில் சொல்லிவிடும். நீராவிக் காலத்தில் பெரிய பணிமனைகளில் உபரி பாய்லர்கள் வைத்திருப்பார்கள். எஞ்சின் ஓவர்ஹாலுக்கு வந்தால் அதன் பாய்லரைக் கழற்றிவிட்டுத் தயாராக இருக்கும் வேறொன்றை மாட்டி அனுப்புவார்கள். புகழ்பெற்ற ‘ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன்’கூடப் பிறந்தபோது இருந்த பாய்லரோடு ஓடிக்கொண்டிருக்கவில்லை. பாகம் மாறாத எஞ்சின் என்பது ஓடாத எஞ்சின். மறுபாதியில் வாதத்துக்கு வலு இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். ஒரு பொருள் உலகில் ஒன்றே மிஞ்சி, பழைய உலோகமும் சுத்தியல் தழும்பும்தான் அதன் சான்று என்றால், அதைத் தொடக்கூடாது, நெருப்பே மூட்டக்கூடாது. 71000 அந்த வகையைச் சேர்ந்ததல்ல. சான்றாகும் தகுதியை 1960-களிலேயே அதிகாரபூர்வமாக அறுத்து எடுத்துவிட்டார்கள்.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் கனமானது. அறிவுதான் முக்கியம் என்றால், சம்பளம் வாங்கும் தொழிலாளர்களையும் அரசு நிறுவனங்களையும் வைத்தல்லவா செய்ய வேண்டும், ஞாயிற்றுக்கிழமை ஃபிட்டர்களை நம்பலாமா? நம் ஊரிலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. 1855-ல் இங்கிலாந்தின் லீட்ஸில் கட்டப்பட்ட இ.ஐ.ஆர். 21 என்ற எஞ்சின், நூறாண்டுக்கு மேல் காட்சிப் பொருளாக நின்றுவிட்டு, 2010-ல் சென்னை பெரம்பூர் லோகோ பணிமனையில் உயிர்பெற்றது. அதன் சகோதரியான ‘ஃபேரி குயின்’ 1997-ல் மறுபடி ஓடியதும் பெரம்பூரின் கைவேலைதான். நீலகிரி மலை ரயிலுக்கு எக்ஸ் வகை எஞ்சின்களைப் பொன்மலைப் பணிமனை புதிதாகவே கட்டித் தந்தது. பல் தண்டவாளத்தைப் பிடித்து மலையேறும் நான்கு சிலிண்டர் எஞ்சினை இந்த நூற்றாண்டில் புதிதாகக் கட்டியது சாதாரண காரியமல்ல. அதற்கு நம்மவர்களுக்கு உரிய பெயர் இன்னும் கிடைக்கவில்லை. ஆக, சம்பளத் தொழிலாளர்களால் முடியும், பிரமாதமாகவே முடியும். ஆனால் ஆணை மேலிருந்து வர வேண்டும். மலை ரயில் ஓடியாக வேண்டும் என்ற தேவையோ, ஓடும் எஞ்சின்களில் உலகிலேயே பழமையானது என்ற பெருமையோ இருந்தால் ஆணை வரும். எட்டு ஆண்டு ஓடித் தோற்றுப்போன எஞ்சினைத் தேடி, பன்னிரண்டு ஆண்டு செலவழிக்கச் சொல்லி எந்த அலுவலகமும் கோப்பில் கையெழுத்திடாது. அந்த இடத்தில்தான் ஆர்வலர்களுக்கு வேலை இருக்கிறது. நிறுவனம் செய்தால் மட்டும் கச்சிதமாக முடியும் என்பதும் இல்லை. ‘ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மே’னை பிரிட்டனின் தேசிய ரயில்வே அருங்காட்சியகம் 2004-ல் 23 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது, 2006-ல் தொடங்கிய பழுதுபார்ப்பு 2016-ல்தான் முடிந்தது, 42 லட்சம் பவுண்டு விழுங்கிவிட்டு.

மூன்றாவது, கரிப்புகை. காலநிலை இப்படிச் சீர்கெட்ட காலத்தில் வேடிக்கைக்குக் கரி எரிப்பதா? பிரிட்டனின் பாரம்பரிய ரயில்கள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு எரிப்பது சில பத்தாயிரம் டன். 2024 செப்டம்பர் 30-ல் மூடப்பட்ட ராட்கிளிஃப் போன்ற 2,000 மெகாவாட் கரி மின்நிலையம் முழு வேகத்தில் ஓடினால் ஒரே நாளில் 15,000 டன்னுக்கு மேல் தீர்ந்துவிடும். ஆண்டு முழுக்க ஓடும் வேடிக்கை, ஒரு மின்நிலையத்தின் சில நாள் சாப்பாடு. ஆகவே புகை வாதம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. கரி கிடைப்பதுதான் நிஜமான சிக்கல். வேல்ஸின் ஃபாஸ்-இ-ஃப்ரான் சுரங்கம் 2023 நவம்பரில் மூடியபின் பிரிட்டனின் நீராவி ரயில்கள் கடல் தாண்டி வரும் கரியை நம்பியிருக்கின்றன.

ஆர்வலர்கள் மேல் எனக்கும் குறை உண்டு. பாரியிலிருந்து மீட்ட எஞ்சின்களில் இன்றுவரை ஒருமுறைகூட நீராவி காணாதவை இருக்கின்றன. மீட்கும் ஆசையில் வாங்கிப் போட்டு, தார்ப்பாய்க்கு அடியில் துருப்பிடிக்க விட்டவை. காயலான் கடையிலிருந்து இன்னொரு காயலான் கடைக்கு மாற்றியதை மீட்பு என்று சொல்ல மாட்டேன். இதைவிடப் பெரிய குறை, கண்டுபிடித்ததை எழுதி வைக்காதது. 71000-இன் சாம்பல் தட்டுக் கதை பலருக்குத் தெரியும், ஏனென்றால் அது சுவாரசியமானது. எந்தக் குழாய் எந்தத் தண்ணீரில் எவ்வளவு காலம் தாங்கியது, தகடுகளைத் தாங்கும் ஸ்டே போல்டு எங்கே முதலில் விரிசல் விட்டது என்பது போன்ற சுவாரசியமற்ற ஆயிரம் விவரங்கள் பல குழுக்களில் மூத்த ஃபிட்டர் ஒருவரின் தலைக்குள் மட்டும் இருக்கின்றன. வேல்ஸின் டாலிலின் ரயில் பாதையை எழுத்தாளர் டாம் ரோல்ட்டும் நண்பர்களும் 1951-ல் ஏற்று நடத்தத் தொடங்கியபோது, அதுவரை எஞ்சின் பார்த்துவந்தவர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள், கேட்டுத் தெரிந்துகொள்ள முடிந்தது. இன்று பிரிட்டனில் பாரம்பரிய ரயில்களுக்கு இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொண்டர்கள் இருக்கலாம். ஆனால் பிரிட்டிஷ் ரயில்வேயின் நீராவிக் காலத்தில் சம்பள வேலை செய்தவர்கள் வேகமாகக் குறைந்துவருகிறார்கள். 1968-ல் இருபது வயது ஃபயர்மேனாக இருந்தவருக்கு இப்போது வயது எழுபதைத் தாண்டி எண்பதை நெருங்குகிறது.

நமக்கு அந்தக் கணக்கில் இன்னும் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. இந்தியாவின் அகலப் பாதையில் நீராவி 1995 வரை ஓடியது. பெரம்பூர், பொன்மலை, விழுப்புரம், மதுரை என்று லோகோ ஷெட்டிலும் பணிமனையிலும் பாய்லர் பார்த்தவர்கள், கரி அள்ளியவர்கள் இன்னும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் ‘அந்தக் காலத்தில் எப்படி இருந்தது’ என்று கேட்டு நினைவுகளை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படி ஒரு பெரியவர் இருந்தால், கைபேசியை எடுத்துப் பதிவு செய்யுங்கள். கேள்வியை மட்டும் மாற்றிக் கேளுங்கள்: தண்ணீர்க் கண்ணாடி பொய் சொல்கிறது என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பீர்கள்? பாய்லர் கழுவ எத்தனை மணி நேரம் ஆறவிடுவீர்கள்? எந்த எஞ்சின் கரி தின்றும் இழுக்காமல் சண்டித்தனம் செய்தது, அதற்கு என்ன வைத்தியம் பார்த்தீர்கள்?